இனிக்கும் ஈயம்: ஆய்வகப் புட்டியும் நம் புளிப்புப் பானையும்



இயற்கை விவசாயம் பேசுகிற பத்திரிகையில் ஆய்வக இரசாயனத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். யூரியாவையும் பூச்சிமருந்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம், மறுபடியும் எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றும். காரணம் இருக்கிறது. ஈய அசிட்டேட் என்று ஒரு வெள்ளைப் பொடி. கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும், சர்க்கரை ஆலையின் ஆய்வகத்திலும் புட்டியில் இருக்கும். அது அந்தப் புட்டிக்குள்ளேயே இருந்தால் நமக்குக் கவலை இல்லை. ஆனால் ஈயமும் புளிப்பும் எங்கே சந்தித்தாலும் இந்தச் சரக்கோ, இதன் பங்காளிகளோ தானாகவே உருவாகும். நம் தோட்டத்தில் புளிப்புக்குப் பஞ்சமே இல்லை. தேமோர் கரைசல், அரப்பு மோர் கரைசல், மீன் அமிலம், பழக்கரைசல் எல்லாமே புளிப்புதான். ஈயத்துக்கும் பஞ்சமில்லை. பழைய பேட்டரி, பழைய பெயின்ட் டப்பா, பற்றவைத்த பாத்திரம் என்று ஏதோ ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கிறது.

நான் வேதியியல் படித்துவிட்டு வங்கியில் வேலைக்குப் போனவன். பயிர்க்கடன் கொடுத்து, வசூல் செய்து, ஓய்வு பெற்றபின்தான் மண்வெட்டியைப் பிடித்தேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத சிலவற்றில் இந்த ஈய உப்பும் ஒன்று. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈயம் இரண்டு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ‘ஈயம்’ என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு செய்வது எல்லாம் இதில்தான், அதாவது இதில்தான் செய்ய வேண்டும். இன்னொன்று காரீயம். பேட்டரித் தகடு, மீன்வலையில் கட்டுகிற குண்டு, துப்பாக்கி ரவை எல்லாம் இது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327 டிகிரியில் உருகும். ஒரே அளவுள்ள கட்டியை எடுத்தால் வெள்ளீயத்தைவிடக் காரீயம் ஒன்றரை மடங்கு கனம். நஞ்சு காரீயம்தான். இந்தக் கட்டுரையில் இனி ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் காரீயத்தைத்தான்.

ஈயத்தைக் காடியில், அதாவது வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்தால் கிடைப்பதே ஈய அசிட்டேட். வெள்ளை நிறத்தில் கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். லேசாகக் காடி வாசம் வரும். சுமார் 75 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் பால்போலத் திரியும், ஏனென்றால் நம் தண்ணீரில் உள்ள கார்பனேட்டும் சல்பேட்டும் ஈயத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக வண்டல் கட்டும். அதனால் ஆய்வகத்தில் இதை வாலைவடிநீரில்தான் கரைப்பார்கள்.

இதன் விபரீதமான குணம் ஒன்று உண்டு. இது இனிக்கும். ஐரோப்பாவில் இதன் பழைய பெயரே ‘ஈயச் சர்க்கரை’. பழைய ரோமாபுரியில் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சிச் சுண்டவைத்து, அந்தப் பாகை மதுவிலும் உணவிலும் இனிப்புக்குச் சேர்த்தார்கள். பாகு இனித்தது, கெடாமலும் இருந்தது. அதோடு ஈயமும் உள்ளே போனது. கசக்கிற நஞ்சைக் குழந்தை துப்பிவிடும். இனிக்கிற நஞ்சை இன்னும் கேட்கும். இந்த ஒரு குணத்துக்காகவே இதைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் விடக்கூடாது.

ஆய்வகத்தில் என்ன வேலை?

இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். இரண்டும் விவசாயியைத் தொடுகிறவை.

முதலாவது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கண்டுபிடிப்பது. ஈய அசிட்டேட் கரைசலில் நனைத்த காகிதத்தை அந்த வாயுவில் காட்டினால் கறுத்துவிடும். கறுப்பாக உருவாவது ஈய சல்பைடு. பி.எஸ்சி. படித்தவர்கள் உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் இதைச் செய்திருப்பார்கள்.

இரண்டாவது, கரும்புச் சாற்றைத் தெளியவைப்பது. சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று ‘போல்’ பார்க்க, போலாரிமீட்டர் என்ற கருவியில் ஒளியைச் சாற்றின் வழியாகச் செலுத்துவார்கள். சாறு கலங்கலாக இருந்தால் ஒளி போகாது. காரத்தன்மை கூடிய ஈய அசிட்டேட்டைச் சிறிதளவு போட்டால், சாற்றில் உள்ள நிறப்பொருள், பசை, புரதம் எல்லாம் திரண்டு கீழே போய்விடும். வடிகட்டினால் தெளிந்த சாறு. ஆலை கெமிஸ்டுகள் இதை ‘லெட் சப்-அசிட்டேட்’ என்பார்கள். கரும்புக் கடன் பார்க்கிற அலுவலராக இருந்த காலத்தில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் கரும்பு விலையே பிழிதிறனைக் கணக்கிட்டுத்தான் அறிவிக்கப்படுகிறது. சர்க்கரைச் சத்தை அளக்கிற வேலையில் நூறு வருடத்துக்கு மேல் இந்த ஈய உப்புக்குப் பங்கு இருந்திருக்கிறது.

இப்போது நிலைமை மாறி வருகிறது. சர்க்கரைப் பகுப்பாய்வு முறைகளை வகுக்கிற உலக அமைப்பான இக்கும்சா, ஈயம் இல்லாத முறைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அலுமினிய உப்புகளை வைத்துத் தெளியவைக்கலாம். கலங்கலையும் தாண்டிப் போகிற அகச்சிவப்பு ஒளியில் அளக்கிற கருவிகளும் உண்டு. கரும்பு விவசாயிகள் ஆலைக்குப் போகும்போது, “உங்க லேப்ல ஈயம் போட்டுத்தான் பாக்கறீங்களா, இல்லாம பாக்கறீங்களா? வடிகட்டின கழிவு எங்க போகுது?” என்று கேட்கலாம். கேட்பது நம் உரிமை. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் அது நல்லது. ஒன்று மட்டும் உறுதியாக இருங்கள். சோதனைக்கு எடுத்து ஈயம் போட்ட சாறு எதுவும் மாட்டுக்கும் போகக்கூடாது, எருக்குழிக்கும் போகக்கூடாது.

வயலுக்கு வந்த கதை

இந்த உப்பு ஒரு காலத்தில் நேராக வயலுக்கே வந்திருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மரங்களின் இலையை மொட்டையடித்த ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுவைக் கொல்ல, 1892-இல் ஈய ஆர்சனேட் என்ற மருந்தைத் தயாரித்தார்கள். ஈய அசிட்டேட்டையும் சோடியம் ஆர்சனேட்டையும் கலந்தால் அது கிடைக்கும். ஆரம்பத்தில் விவசாயிகளே வீட்டில் கலந்துகொண்டார்கள். இலையைக் கருக்காது, மழையில் சீக்கிரம் கழுவிப் போகாது என்பதால் ஆப்பிள் தோட்டக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. புழு பழகிப்போகப் பழகிப்போக அளவைக் கூட்டினார்கள், தடவைகளைக் கூட்டினார்கள். 1940-களின் கடைசியில் டி.டி.டி. வந்த பிறகுதான் இது குறைந்தது. அமெரிக்கா முழுமையாகத் தடை செய்தது 1988-இல்.

மருந்து நின்றுவிட்டது, ஈயம் நிற்கவில்லை. பழைய ஆப்பிள் தோட்டங்களின் மேல்மண்ணில் அந்த ஈயமும் ஆர்சனிக்கும் இன்றைக்கும் இருக்கின்றன. தோட்டத்தை அழித்து வீடு கட்டினவர்கள், பள்ளிக்கூடம் கட்டினவர்கள் மண்ணைச் சோதித்து, மேல்மண்ணை அள்ளி, புதுமண் கொட்ட வேண்டியிருக்கிறது. டி.டி.டி.கூட மெதுவாகவாவது சிதையும். ஈயம் ஒரு தனிமம், அதைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. வங்கிக் கணக்கு மொழியில் சொன்னால், இது வரவு மட்டுமே உள்ள கணக்கு. பற்று எழுத வழியே இல்லை.

உடம்புக்குள் போனால்

ஈயத்தால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உள்ளே போன ஈயம் இரத்தத்தில் சுற்றி, மூளை, சிறுநீரகம், ஈரல் என்று போய், கடைசியில் சுண்ணாம்புச் சத்து போலவே எலும்பிலும் பல்லிலும் சேர்ந்துவிடும். எலும்பில் பல வருடம் தங்கும். பெண்கள் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்குகிற மாதிரி ஈயமும் இறங்கிக் குழந்தைக்குப் போகும். பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல் நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தைகளின் குடல் உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

பெரியவர்களுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, இரத்தசோகை, மூட்டுவலி, கை சோர்ந்து தொங்குவது, இரத்த அழுத்தம் என்று பல மாதிரி வரும். குழந்தைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலேயே படிப்பும் கவனமும் குறையும். “பையனுக்கு மண்டையில ஏறல” என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

கால்நடைக்கும் இதே கதிதான். மாடுகளுக்கு வருகிற உலோக நஞ்சுகளில் ஈயமே முதன்மை. உடைந்த பேட்டரித் தகட்டையும், உரிந்த பழைய பெயின்டையும் மாடு நக்கும், கன்று இன்னும் ஆசையாக நக்கும். விழுங்கின துண்டு இரண்டாம் வயிற்றில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது, பல்லைக் கடிப்பது, வலிப்பு வருவது, திடீரென்று செத்து விழுவது, இதெல்லாம் அறிகுறி. பிழைத்த மாட்டின் பாலிலும் ஈயம் வரும். அந்தப் பால், அந்தச் சாணம், அதில் செய்கிற பஞ்சகவ்யம் என்று சங்கிலி எங்கே போகிறது என்பதை நீங்களே யோசியுங்கள்.

எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே கேள்வி

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஈய அசிட்டேட்டின் எடையில் 54.6 சதவீதம் ஈயம். ஒரு கிராம் பொடியில் 546 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. அப்படியானால் ஒரு கிராம் பொடியை அந்த அளவுக்கு நீர்க்கச்செய்ய 54,600 லிட்டர் தண்ணீர் வேண்டும். 6,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஒன்பது நடை! கால் ஸ்பூன் பொடிக்கே இந்தக் கதை.

இன்னொரு கணக்கு. மாசுபடாத மண்ணிலும் இயற்கையாகவே கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் ஈயம் இருக்கும். ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறக்குறைய எட்டரை லட்சம் கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தால் உங்கள் ஏக்கரில் ஏற்கெனவே சுமார் 17 கிலோ ஈயம் இருக்கிறது. பயந்துவிடாதீர்கள். அது களிமண்ணோடும் மட்கோடும் இறுகப் பிணைந்து, கரையாமல் கிடக்கிறது. காலங்காலமாக நாம் அதன்மேல்தான் விளைவித்துச் சாப்பிடுகிறோம்.

ஆக, ஈயம் ‘இருக்கிறதா’ என்பது பாதிக் கேள்விதான். ‘கரைகிற வடிவத்தில் இருக்கிறதா, வாய்க்குப் போகிற வழியில் இருக்கிறதா’ என்பது மீதிக் கேள்வி. கல்லாகக் கிடக்கிற ஈயத்தைக் கரைகிற ஈயமாக மாற்றுகிற சாவி புளிப்பு. ஈய அசிட்டேட் என்பது அந்தச் சாவி திரும்பிவிட்ட நிலை.

இதற்குச் சரித்திரமே சாட்சி. இங்கிலாந்தில் டெவன் என்ற பகுதியில் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துக் குடிப்பது வழக்கம். அங்கே வருடா வருடம் பலருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலியும் கைகால் விழுவதும் வந்தன. சாற்றின் புளிப்பே காரணம் என்று நம்பினார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-இல் உண்மையை எடுத்துச் சொன்னார். ஆப்பிள் பிழிகிற செக்கிலும் சாறு தேக்குகிற தொட்டியிலும் ஈயம் பயன்படுத்தியிருந்தார்கள். புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்துச் சாற்றில் இறக்கியிருந்தது. செக்கில் ஈயத்தை எடுத்த பிறகு நோய் குறைந்தது. விவசாயி தன் தோட்டத்துப் பழத்தில், தன் கையால் செய்த பானம்தான் அது. எந்த இரசாயனக் கம்பெனியும் நடுவில் இல்லை.

நம் தோட்டத்தில் எங்கே சந்திக்கும்?

இனி நம் பக்கம் வருவோம். கீழே சொல்பவற்றை ஒருமுறை உங்கள் சாளையிலும் மாட்டுக் கொட்டகையிலும் நடந்து பார்த்துச் சரிசெய்யுங்கள்.

• மோர்க் கரைசல், மீன் அமிலம், பழக்கரைசல் எதையும் பெயின்ட் வந்த டப்பாவில் ஊறப்போடாதீர்கள். இரும்புக் கடையில் வாங்கிய, முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயும் வேண்டாம். பளபளப்புப் பூச்சு இல்லாத சாதாரண மண்பானையே உத்தமம். இல்லையென்றால் உணவுப் பொருள் வந்த பிளாஸ்டிக் டிரம்.

• பழைய பேட்டரிப் பெட்டியை வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும், கோழிக்குத் தீவனத் தட்டாகவும் வைக்கிற பழக்கத்தை அறவே விடுங்கள். எத்தனை கழுவினாலும் அதில் ஈயம் இருக்கும்.

• செயலிழந்த பேட்டரியைக் கொட்டகையில் போட்டுவைக்காதீர்கள். புது பேட்டரி வாங்கும்போது கடையில் கொடுத்துவிடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. வீட்டில் உடைத்து ஈயம் உருக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் புகையும் தூசியும் முதலில் போவது நம் பிள்ளைகளுக்கு.

• பழைய கதவு, ஜன்னல், மாட்டுவண்டியின் பெயின்டைச் சுரண்டும்போது ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். சுரண்டல் மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் விழக்கூடாது. பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்குள் இருக்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2017-இன் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

• பழைய பி.வி.சி. குழாய்களில் ஈய உப்புகளை நிலைநிறுத்தியாகச் சேர்த்தார்கள். அதை ஒழிக்க 2021-இல் விதி வந்தது. புளிப்புக் கரைசலைச் சொட்டுநீரில் விடுகிறவர்கள் விட்டு முடித்ததும் வெறும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். குழாயில் இரவெல்லாம் நிற்கவிடாதீர்கள்.

• ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறவர்கள் அது சுத்த வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் மலிவு என்பதால் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். புளி, தக்காளி, கொதி என்று மூன்றும் சேருகிற இடம் அது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள், ரசம் கெட்டுப்போகாது.

• வெளியிலிருந்து கம்போஸ்ட் வாங்கினால் கன உலோகச் சோதனை அறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி மண்புழு உரத்திலும் நகரக் கம்போஸ்டிலும் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அந்த உச்ச அளவிலேயே ஏக்கருக்கு ஐந்து டன் போட்டால், ஒரே தடவையில் அரைக் கிலோ ஈயம் மண்ணுக்குப் போகும். வருடா வருடம் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணில் ஏற்கெனவே ஈயம் கூடியிருக்கும் என்று சந்தேகப்படுகிறவர்கள், உதாரணமாகப் பழைய பேட்டரிப் பட்டறைக்குப் பக்கத்து நிலம் வைத்திருப்பவர்கள், முதலில் மண்ணைச் சோதியுங்கள். மண்ணில் புளிப்பு ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதும், நல்ல மட்கு சேர்ப்பதும் ஈயத்தைப் பிடித்துவைக்கும். கிழங்கும் கீரையும் வேண்டாம். அவற்றில்தான் ஈயமும் மண்தூசியும் அதிகம் வரும். காய்க்குள்ளும் பழத்துக்குள்ளும் ஈயம் அவ்வளவாக ஏறுவதில்லை.

சாண எரிவாயு வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் மாதக் கூட்டத்துக்கு வருகிற தம்பி ஒருவர் சாண எரிவாயுவில் இன்ஜின் ஓட்டுகிறார். இன்ஜின் உள்ளே அரிக்கிறது. வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்று பார்க்க ஈய அசிட்டேட் காகிதம் செய்யலாம் என்று எங்கோ படித்திருக்கிறார்.

“நூறு கிராம் ஆன்லைன்ல கெடைக்குதுங்க சார். வாங்கிக் கரைச்சு நானே பேப்பர் பண்ணிக்கலாம்னு இருக்கறேன்.”

“எங்க வெச்சுக் கரைப்பீங்க தம்பி?”

“ஊட்லதானுங்க. சமையக்கட்டு மேடை இருக்குது.”

அவருக்கு மூன்று வயதில் ஒரு குழந்தை. நான் மேலே சொன்ன கணக்கைத்தான் அவருக்கும் சொன்னேன். நூறு கிராமில் ஐம்பத்துநாலு கிராம் ஈயம், அதுவும் இனிக்கிற ஈயம். வாங்கவில்லை அவர்.

அவருக்குச் சொன்ன மாற்று இதுதான். காகிதம் வாயு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சரியாகச் சொல்லாது. சாண எரிவாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் என்பது சோதிக்காமலே தெரிந்ததுதான். அதனால் நேராக வடிகட்டிக்குப் போய்விடலாம். துருப்பிடித்த இரும்புச் சீவலை ஒரு குழாயில் நிரப்பி, வாயுவை அதன் வழியாக விட்டால், துரு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, பயன்படுத்திய சீவலை வெளியே எடுத்துக் காற்றுப் படும்போது சூடேறும், தீயும் பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றி நனைத்து, திறந்த வெளியில், சருகு இல்லாத இடத்தில் ஆறவிடுங்கள். வடிகட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, நன்றாகத் துலக்கிய வெள்ளிக்காசை வெளியேறும் வாயுவில் காட்டுங்கள். காசு கறுத்தால் கந்தகம் இன்னும் வருகிறது. அளவே தெரிய வேண்டுமானால் மின்னணு மீட்டர் இருக்கிறது, நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். மூக்கை மட்டும் நம்பாதீர்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். ஆளையும் கொன்றுவிடும்.

கையாளத்தான் வேண்டும் என்றால்

நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி ஆய்வகத்திலும் ஆலையிலும் இதைத் தொடவேண்டி வரும். அவர்களுக்காக:

1. பொடியை எடுக்கும்போது நைட்ரைல் கையுறை, கண்ணாடி, தூசி வடிகட்டும் முகக்கவசம், மேலங்கி போட வேண்டும். காற்றை வெளியே இழுக்கிற அடுப்பறைப் பெட்டிக்குள் எடைபோட வேண்டும்.

2. அந்த மேசையில் தின்பதும் குடிப்பதும் கூடாது. வாயால் பிப்பெட் உறிஞ்சக் கூடாது. கையுறையைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. சிந்தினால் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியோடு மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

4. மிச்சக் கரைசலையும் வடிகட்டின தாளையும் சாக்கடையில் விடக்கூடாது, மண்ணில் புதைக்கக்கூடாது, எரிக்கக்கூடாது. ‘ஈயக் கழிவு’ என்று எழுதிய தனிக் கேனில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த அபாயக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

5. புட்டியில் பெயரும் அபாயக் குறியும் இருக்க வேண்டும், அலமாரி பூட்டியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ ஊறுகாய் ஜாடியிலோ மாற்றி ஊற்றுவது கொலைக்குச் சமம்.

6. வேலைக்குப் போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கருவுற்ற பெண்கள் இந்த வேலையிலிருந்து விலக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நினைவு இருந்தால் வாயைக் கொப்பளிக்கவைத்து, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஈயத்தை உடம்பிலிருந்து இறக்க மருந்து உண்டு, அதை மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். விளக்கெண்ணெய், கீழாநெல்லி என்று வீட்டில் காலம் கடத்தாதீர்கள். கைமருந்துக்கு எதிரானவன் இல்லை நான். இது அதற்குள் அடங்காது.

இயற்கை விவசாயம் என்றால் கடையில் இரசாயனம் வாங்காமல் இருப்பது மட்டும் இல்லை. நம் பானையில் என்ன நடக்கிறது, அது எதனோடு சேருகிறது என்று தெரிந்து செய்வதும்தான். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கரைசல் டிரம்மையும், மாட்டுத் தொட்டியையும், கொட்டகை மூலையில் கிடக்கிற பழைய பேட்டரியையும் பாருங்கள். பேட்டரியை அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். திரும்பக் கொடுத்தால் கடைக்காரர் காசும் தருவார்.